இருபத்தாறு பாயிண்ட்

குச்சிக்கிழங்குக்குப் பாயிண்ட் போடுவது என் வேலை. ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சேகோ ஆலையில் பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பாடப்புத்தகம் மரவள்ளி என்று சொல்வதை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். அதை அரைத்துப் பாலெடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதுதான் பாயிண்ட். வண்டியில் வந்த லோடிலிருந்து ஐந்து கிலோவை எடுத்துக் கம்பிக்கூடையில் போட்டு, தராசில் தொங்கவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. இருபத்தெட்டு நின்றால் விவசாயி தராசைப் பார்த்துச் சிரிப்பார். இருபதுக்குக் கீழே போனால் என்னைப் பார்த்து முறைப்பார். பத்து மாத உழைப்புக்கு நான் ஒரு நிமிடத்தில் மார்க் போடுகிறேன். இதனால் கல்யாணப் பந்தியில்கூட என் பக்கத்து இலையில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள்.

அவர்கள் யோசிப்பதிலும் நியாயம் உண்டு. தராசைத் தொடாமலேயே பாயிண்டைக் குறைக்க முடியும். நல்ல திரட்சியான கிழங்காகப் பொறுக்கிக் கூடையில் போட்டால் முள் ஏறும். வேரோடிப் போனது, வால் பக்கம், கட்டையாகிப் போனது என்று பொறுக்கினால் இறங்கும். எல்லாம் கையில் இருக்கிறது. அதனால்தான் கிழங்கு கொண்டுவருகிறவர்கள் முள்ளைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பார்ப்பார்கள். நான் மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு எடுப்பேன். பதினாறு வருடத்தில் ஒருவருக்குக்கூட ஏற்றியதும் இல்லை, இறக்கியதும் இல்லை. சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான். இருந்த என்று இறந்த காலத்தில் எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள்.

போன வருடம் மார்கழியில் என் அக்கா கூப்பிட்டனுப்பினாள். வெண்ணந்தூர்ப் பக்கம் அவளுக்கு மூன்று ஏக்கர், ஒரு கிணறு. மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதிநாள் வடக்கே எங்காவது இருப்பார். அந்த மூன்று ஏக்கர்க் காடும் அக்கா பொறுப்பு. இந்த வருடம் சோளத்தை விதைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று பார்க்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருந்த குச்சிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் பயிருக்கு விதை கிடையாது. அறுவடையில் வெட்டிய தண்டையே கட்டி நிழலில் நிறுத்தி வைத்து, துண்டு போட்டு மறுபடி நடவேண்டும். இரண்டு மாதம் தாங்கும். அதற்குமேல் காய்ந்து விறகாகிவிடும். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் கிழங்கு போடுவது யோசித்து முடிவெடுத்து அல்ல, குச்சி வீணாகப் போகிறதே என்றுதான். கணுவில் பச்சையாக முளை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் மனசு கேட்காது.

"குச்சியே நடுக்கா. நான் மில்லுல இருக்கறன்ல, அப்பறம் என்ன?" என்றேன்.

பெரிய மனுசன் மாதிரிச் சொல்லிவிட்டுக் காபியையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா மூன்று ஏக்கரிலும் நட்டாள்.

ஆடி மாதத்தில் ஆலைக்கு ஒரு பெரிய லாரி வந்தது. கிழங்கு வண்டி என்றால் தூரத்திலேயே மண்வாசம் வந்துவிடும். இதில் ஒரு வாசமும் இல்லை. துறைமுகத்திலிருந்து வந்த வெள்ளை மூட்டைகள், மேலே சுழிசுழியாக ஏதோ எழுத்து, அதற்குக் கீழே ஒரு செடியின் படம். விரல் விரித்த மாதிரி இலை. நம் குச்சிக்கிழங்குச் செடியேதான். ஒரு மூட்டையில் ஓரம் பிரிந்திருந்தது, கையை விட்டுப் பார்த்தேன். நம் மாவைவிட வெளுப்பு, நன்றாகக் காய்ந்தது. கடல் தாண்டி வந்த கிழங்கு மாவு. அதைத் தண்ணீரில் நனைத்து உருட்டினால் நேராக ஜவ்வரிசி. கிழங்கு கழுவ வேண்டாம், அரைக்க வேண்டாம், பால் தெளியக் காத்திருக்க வேண்டாம். முக்கியமாகப் பாயிண்ட் போட வேண்டாம். மூட்டை இறக்கி முடியும்வரை நான் என் தராசுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவராகவே கூப்பிட்டுச் சொன்னார்.

"என்ன பண்றதுங்க தம்பி. பக்கத்து மில்லுக்காரர் மூணு மாசமா இதத்தான் ஓட்டறாரு. அவரு குடுக்கற வெலைக்கு நான் குடுக்கலீன்னா வடக்க இருந்து எவன் எங்கிட்ட வாங்குவான்? கெழங்கையே நம்பி இருந்தா மில்ல இழுத்துப் பூட்டோணும்."

"நம்ம செவுத்துக்கு அக்கட்ட வெளையற கெழங்கவிடக் கடலத் தாண்டி வர்ற மாவு எப்படீங்க மலிவாகும்?"

"அது என்னமோ ஒப்பந்தமாமுங்க. வரி கம்மி. அவங்க ஊர்ல அரசாங்கமே கைகொடுக்குதாம். நமக்கென்னங்க தெரியுது."

அவரும் மாட்டிக்கொண்டவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் மாட்டிக்கொண்ட இடத்தில் மின்விசிறி ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. முதலாளி பார்த்ததில்லை. எங்கள் தாலுகாவில் அதைப் பார்த்த ஓர் ஆள் இருந்தால் காட்டுங்கள், நான் போய்க் கும்பிட்டு வருகிறேன். எங்கோ குளிரூட்டிய அறையில் இரண்டு பேர் கைகுலுக்கியிருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் கிழங்கில் பாயிண்ட் பார்ப்பது எப்படி என்று தெரிந்திருக்க வழியில்லை.

அந்த மாதத்திலேயே ராசிபுரத்தில் விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். ஆலை சார்பாக நான் போய் உட்கார்ந்திருந்தேன். பேச வந்தவர் படித்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. உலகம் முழுக்க இப்போது ஒரே சந்தை, நாம் போட்டி போடப் பழக வேண்டும் என்றார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அப்படியென்றால் எங்கள் கிழங்கையும் அங்கே கொண்டுபோய் விற்கலாமுங்களா என்று கேட்டார். தாராளமாக, உங்களை யார் தடுத்தது என்று சிரித்தார் அவர். உண்மைதான், யாரும் தடுக்கவில்லை. கிழங்குதான் தடுக்கிறது. பிடுங்கிய மறுநாளே உள்ளே கறுப்புக் கோடு ஓட ஆரம்பிக்கும், மூன்றாம் நாள் நாறும். ஆத்தூர் தாண்டுவதற்குள் அது கிழங்காகவே இருக்காது. மூட்டை மாவு கிடங்கில் ஒரு வருடம் கால் நீட்டிப் படுத்திருக்கும், விலை ஏறும்போது எழுந்து வரும். தடையில்லா வணிகம் என்றால், காத்திருக்க முடிந்த சரக்குக்குத் தடையில்லை என்று அர்த்தம். எனக்கு இது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே புரிந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

யோக்கியன் வேடமும் போட எனக்குத் தகுதி இல்லை. என் வீட்டு அடுப்பில் காய்வது கப்பலில் வந்த பாமாயில். அது மலிவாக வர ஆரம்பித்தபோது, கடலைக்காய் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வடை நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. அக்காவின் கிழங்குக்குப் பத்தாம் மாதம். ஆலை வாசலில் கிழங்கு வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. வாங்கினால் வாங்குவது, இல்லாவிட்டால் மாவு இருக்கிறது என்ற நிலைமை. அக்கா தினமும் போன் போடுவாள். எப்போது பிடுங்கலாம் என்பாள். அடுத்த வாரம் என்பேன். அந்த அடுத்த வாரத்தை நான் முதலாளியிடம் வாங்கி அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வானம் வேறு தினமும் சாயங்காலம் கறுத்துக்கொண்டு நின்றது. காய்ந்து கிடக்கும் காட்டில் அந்த நேரத்தில் நல்ல மழை பிடித்தால் செடி புதுத் தழை தள்ளும். கிழங்கில் சேர்த்து வைத்த மாவை எடுத்துத்தான் தள்ளும். இருபத்தாறில் நிற்க வேண்டியது இருபதுக்கு இறங்கிவிடும். பத்து மாதம் தண்ணீர் கட்டியதெல்லாம் பத்து நாளில் இலையாகப் போய்விடும்.

அப்போதுதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்களைப் போன்ற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காட்டில் அங்கங்கே சில செடியைப் பிடுங்கி, ஐந்து கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத ஆலைக்குப் போய் என் தராசில் பாயிண்ட் பார்த்தேன். சரியாக இருபத்தாறு. சந்தோஷத்தில் அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இருவத்தாறா, நெசமாவா சாமி?" என்று இரண்டு தரம் கேட்டாள். வடக்கே இருந்த மாமாவுக்கும் சொல்லியிருக்கிறாள். அந்த எண்ணை நான் அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது.

இரண்டு நாள் கழித்து முதலாளி, "வியாழக்கெழம அக்கா லோட வரச் சொல்லுங்க தம்பி, நம்ம ஊட்டுச் சரக்குதான" என்றார். அக்கா பிடுங்கும் ஆட்களுக்குச் சொல்லி, வண்டிக்கும் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை விடிந்ததும் ஆட்கள் காட்டில் இறங்கிவிட்டார்கள். காலை பத்து மணிக்கு ஆலைக்கு இரண்டு மாவு லாரிகள் சேர்ந்தாற்போல் வந்தன. எதிர்பார்த்ததைவிட முன்னால் வந்துவிட்டன என்றார்கள். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னைக்கு வர்ற லோடு எதுக்கும் இருவத்திரண்டுக்கு மேல போடாதீங்க தம்பி. அதுக்கு மேல போனா நமக்கு மாவே லாபம். அப்பறம் கெழங்கையே நிறுத்தீட்டு மாவையே ஓட்டிக்கலாம்னு எம் பையன் சொல்றான். தராசுக்கு வேலையே இருக்காதுங்க."

தராசுக்கு என்றார். எனக்கு என்று சொல்ல அவருக்குச் சங்கடம். எனக்கு நாற்பத்தேழு வயது. கிழங்குக்குப் பாயிண்ட் போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வெளியே வந்து போனை எடுத்தேன். அக்காவிடம் நிறுத்து என்று சொல்ல வேண்டும். எதை நிறுத்துவது? பாதிக் காடு பிடுங்கியாகியிருக்கும். பிடுங்கிய கிழங்கைத் திரும்ப மண்ணுக்குள் வைக்க முடியாது. வேறு ஆலைக்குப் போகலாம் என்றால் எல்லா வாசலிலும் இதே கதை, வரிசையில் நின்று முறை வருவதற்குள் கறுத்துவிடும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. முதலாளி மேலா, ஒப்பந்தம் போட்டவர்கள் மேலா, நடு என்று சொன்ன என் வாய்மேலா.

மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி வந்தது. அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். முழங்கைவரை செம்மண். இறங்கியதும் ஒரு தூக்குப்போசியை என் கையில் கொடுத்தாள்.

"காத்தாலெ புடுங்குனதுல ரெண்டு வேகவெச்சன். மாவாட்டம் உதுருது, தின்னு பாரு."

தூக்குப்போசியைத் தராசு மேடையில் வைத்துவிட்டுக் கூடையை எடுத்தேன். அக்கா வண்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். லோடின்மேல் கையை வைத்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக என் கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பார்க்கும் இடமெல்லாம் நல்ல கிழங்கு, ஒவ்வொன்றும் என் முன்னங்கை கனம். ஒரு நல்லதை எடுத்தேன், வைத்தேன். ஒரு வேரோடியதைத் தொட்டேன், விட்டுவிட்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முதலாளி அறைச் சன்னலைப் பார்த்தாள்.

"எத்தன போடச் சொல்லியிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் கூடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"சொல்லு சாமி."

"இருவத்திரண்டு."

அக்கா அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையிலிருந்த கூடையை வாங்கினாள். வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, லோடைக் கிளறி, அவளாகவே பொறுக்க ஆரம்பித்தாள். வாலாகப் போனது, கட்டை பிடித்தது, மண்வெட்டி பட்டுப் பிளந்தது. தன் காட்டில் விளைந்ததில் எது ஆகாதது என்று அவளைவிட யாருக்குத் தெரியும். கூடையைக் கொண்டுவந்து தராசில் மாட்டி, எடை சரி பார்த்து, தண்ணீருக்குள் இறக்கினாள். முள் இருபத்தொன்றில் நின்றது. குனிந்து பார்த்தாள். கூடையைத் தூக்கி, கட்டையான ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு அதே கனத்தில் ஒரு நல்ல கிழங்கை வைத்து மறுபடி இறக்கினாள். இருபத்திரண்டு.

"எழுதிக்க" என்றாள்.

எழுதினேன். அவளுக்குப் பின்னால் நின்றவர் ஆயில்பட்டிப் பக்கத்து ஆள், அறுபது வயதிருக்கும், எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முறை வந்ததும் நான் கூடையை எடுக்கக் குனிந்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடுங்க தம்பி, நானே பொறுக்கிக்கறனுங்க. இருவத்திரண்டு தானுங்களே?"

குரலில் கோபம் கூட இல்லை. ரேஷன் கடையில் பையை நீட்டுகிற மாதிரி நீட்டினார். அதற்கு அடுத்தவரும் அப்படியே செய்தார். அந்த ஐப்பசியிலிருந்து எங்கள் ஆலையில் அதுவே வழக்கமாகிவிட்டது. வண்டி வந்ததும் எத்தனை என்று கேட்பார்கள், சொல்வேன், அவர்களே கெட்டதாகப் பொறுக்கிப் போட்டு அந்த எண்ணில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுவார்கள். நான் இன்றைக்கும் ஒரு கிழங்கைக்கூடத் தப்பாக எடுப்பதில்லை. என் கை சுத்தமாக இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வண்டியிலிருந்து கிழங்கு இறக்கும்வரை அக்கா மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போய் நின்றாள். மூட்டைமேல் இருந்த படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நம்ம செடியாட்டமே இருக்குது" என்றாள். விரலை எடுக்காமலே, "அங்கயும் ஒருத்தி புடுங்கியிருப்பா. அவளுக்கு எத்தன போட்டாங்களோ என்னமோ."

தூக்குப்போசியில் இருந்த கிழங்கைத் தின்றேன். சொன்ன மாதிரியே மாவாக உதிர்ந்தது.

மார்கழி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அவளிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். இனிமேல் கிழங்கு வேண்டாம், சோளமோ தட்டைப்பயறோ எதையாவது போடு, குச்சியை அடுப்பில் வை என்று சொல்ல வேண்டும். வாக்கியத்தை வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காட்டில் வரிசை வரிசையாக மண் அணைத்துப் பார் பிடித்துத் தயாராக இருந்தது. வேப்பமரத்தடியில் அக்கா உட்கார்ந்து அரிவாளால் குச்சியைச் சாண் சாணாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கணுவுக்குக் கணு பச்சை முளை.

"மொளச்சுருச்சு பாரு" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "வெறவா வெக்கறதுக்கு மனசு வருல."

நான் கொண்டுபோன வாக்கியத்தைச் சொல்லவில்லை. சோளம் போடு என்று சொன்னால், சோளத்துக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு லாரி வராது என்று நான் எந்த முகத்தோடு சொல்ல முடியும்? செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கூடையில் அடுக்கினேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பாரில் இறங்கி, முளை மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே போனோம். பாதி பார் போனபின் அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"அடுத்த வருசம் உந்தராசு இருக்குமா சாமி?"

"இருக்கும்க்கா" என்றேன். எனக்குத் தெரியாது.

"இருந்தாச் செரி. இந்த வாட்டி எருவெல்லாம் போடல. இருவத்திரண்டு வெளஞ்சாப் போதும்ல" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த குச்சியை ஊன்றக் குனிந்தாள். போதும் என்று நான் தலையாட்டினேன்.